மூலநிரல் யாருக்குச் சேர வேண்டும்

கடந்த பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகன்யா அழைத்தார். நான் ஓய்வு பெற்றபின் என்னுடைய தொழில்நுட்ப அலுவலர் கதிரைக்கு வந்தவர் அவர். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

"மிஸ், காப்பிலெஃப்ட் எண்டு போட்ட மென்பொருள் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிப் புதுசா வந்த நிர்வாக சபையில முடிவெடுத்திட்டாங்க. அதைத் தொட்டா எங்கட வேலை முழுக்க ஊருக்குச் சொந்தமாகிருமாம். நான் வீட்டிலயும் அதைத்தான் வச்சிருக்கன். என்ட வீட்டுக் கணக்கையும் எல்லாருக்கும் காட்ட வேணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு காலத்தில் இதே பயம் அதே அலுவலகத்தின் அன்றைய சபையிலும் இருந்தது.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். காப்பிலெஃப்ட் வகை உரிமத்தில் நிரலை எழுதியவர் எல்லோருக்கும் அனுமதி தருகிறார்: பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்று உண்டு. அதை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்தால், உங்களுக்குக் கிடைத்த அதே அனுமதி அவருக்கும் கிடைக்க வேண்டும், மூலநிரலும் கிடைக்க வேண்டும். மூலநிரல் என்பது மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவம். அது இல்லாமல் நிரல் ஓடும், ஆனால் யாராலும் அதைத் திருத்த முடியாது.

வீட்டில் வைத்துப் பாவித்தால் எந்தக் கடமையும் இல்லை. அலுவலகத்துக்குள் திருத்தி அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டாலும் இல்லை. அதில் எழுதும் கடிதமும் கணக்கும் உங்களுடையவை. கேள்வி எழுவது வெளியே ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான். இந்தக் குடும்பத்து உரிமங்களில் சில, இணையத்தின் வழியாகப் பாவிப்பவர்களையும் கணக்கில் எடுக்கும். எந்த உரிமம் என்று வாசித்துப் பார்க்காமல் எதையும் கழட்டவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம் என்றேன்.

"உங்களுக்கு எப்பிடி மிஸ் இவ்வளவு தெளிவு?" என்று கேட்டார்.

தெளிவு மெதுவாகத்தான் வந்தது. வந்த விதத்தை எழுதித் தாருங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படித்த காலத்தில் உரிமம் என்ற சொல்லையே யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நகரத்தில் ஒரு கடையில் இறுவட்டு வாங்கினால் வகுப்பு முழுவதும் அதைப் பிரதி எடுக்கும். அப்படிப் பழகிய கைகளோடுதான் சுனாமிக் கடல்கோளுக்கு அடுத்த ஆண்டு வேலையில் சேர்ந்தேன். நாவற்குடாவில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய தொண்டு நிறுவனம் அது. மீனவர் சங்கங்களுக்கும் விவசாய அமைப்புகளுக்கும் கணினி வேலை செய்துகொடுப்போம். நிதி தந்தவர்கள் களவுப் பிரதி ஒன்றும் இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டதால், சேர்ந்த சில மாதங்களிலேயே சுதந்திர மென்பொருளுக்கு மாறினோம். எங்களுக்கு அப்போது அதன் அர்த்தம் ஒன்றுதான்: சும்மா கிடைக்கிறது.

பணிப்பாளர் ஞானரெத்தினம் அவர்களுக்கு அந்த அர்த்தம் போதவில்லை. அவர் எந்தத் தாளையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். இருந்து வாசித்தால் நித்திரை வருகிறது என்பார். சிவப்புப் பேனையை வலது காதில் செருகியிருப்பார். அதை எடுத்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வசனத்தை மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னால் அதுதான் கோபம்.

அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். புதிய மென்பொருள் எதையும் நிறுவும் முன்பு, வியாழக்கிழமை காலைத் தேநீருக்குப் பிறகு எல்லோரும் கூடி அதன் உரிமத்தை உரக்க வாசிக்க வேண்டும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் மூன்று கேள்வி கேட்பார்: "ஆருக்கு? எப்ப? எதை?" அதற்கும் மேலே ஒரு விதி இருந்தது. யாராவது வட்டைக்குள்ளிருந்து ஓர் உதாரணம் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போக முடியாது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளியின் ஒரு பிரிவு. அவர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. வட்டைக்குள் பொருந்தாத சட்டம் உலகத்தில் எங்குமே பொருந்தாது என்று நம்பினார்.

எங்கள் நிரலாளர் ஏறாவூர் றிபாஸுக்கு இந்த வியாழக்கிழமைகள் பெரிய சோதனை. "மிஸ், இந்தப் பந்தியக் கடக்கிறதுக்குள்ள நெல்லு முத்திரும்" என்று என் காதில் சொல்வான்.

காப்பிலெஃப்ட் உரிமம் வாசிப்புக்கு வந்த வியாழன் எனக்கு நன்றாக ஞாபகம். மார்கழி, வெளியே அடைமழை. மாற்றங்களைப் பகிர வேண்டும் என்ற இடம் வந்ததும் பணிப்பாளரே உதாரணம் சொன்னார்.

"இது விதைநெல். விதைக்கிற நேரம் பக்கத்து வளவில விதைநெல் வாங்குறம். அறுத்த பிறகு அவனுக்குத் திருப்பிக் குடுக்கிறம், கூட ஒரு கை போட்டு. நிரல் வாங்கினம், திருத்தினம், திருத்தினதை எழுதினவருக்குத் திருப்பி அனுப்புறம். சரியா?"

சரி என்றுதான் எல்லோருக்கும் பட்டது. விதைநெல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்த உதாரணம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால், அன்று "ஆருக்கு?" என்ற கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

அதற்குப் பிறகு றிபாஸ் தண்ணீர் முறைக்கான நிரலை எழுதினான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வட்டை வட்டையாகப் போகும். எந்த வட்டைக்கு எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதுதான் முறை. வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் காப்பிலெஃப்ட் உரிமத்தில் வெளியிட்ட ஒரு நிரலை எடுத்து, அதன்மேல் றிபாஸ் எங்கள் முறையைக் கட்டினான். சில விவசாய அமைப்புகளுக்கு அதைக் கொடுத்தோம். மாதக் கடைசியில் எங்கள் திருத்தங்களை அந்தப் பொறியியலாளருக்கு மின்னஞ்சலில் தவறாமல் அனுப்பினோம். ஒரே ஒரு முறை நன்றி என்று பதில் வந்தது. பணிப்பாளர் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

விவசாய அமைப்புகளுக்கு நாங்கள் கொடுத்தது ஓடும் வடிவம் மட்டும். மூலநிரல் எங்கள் கணினியில் இருந்தது. வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கினோம். நேர்மையாக நடக்கிறோம் என்ற நிறைவோடுதான் இதையெல்லாம் செய்தோம்.

தண்ணீர் முறைச் சண்டை பெரிய சண்டை. அதனால் அந்தப் பகுதி விவசாயிகள் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: கணினி தரும் தாளில் உள்ளதுதான் முறை, கையால் எழுதியது செல்லாது. மதகைத் திறக்கும் வட்டை விதானையும் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். அதன் பிறகு பல போகங்கள் மண்வெட்டி ஓங்காமல் நடந்தன. எங்களுக்கும் அதில் பெருமை இருந்தது.

பிறகு நிதி முடிந்தது. றிபாஸ் டோகாவுக்குப் போனான். அலுவலகத்தில் பணிப்பாளரும் நானும்தான் மிஞ்சினோம். எனக்கு நிறுவவும் பழுது பார்க்கவும் தெரியும். நிரல் எழுத வராது.

அந்த ஆண்டுச் சிறுபோகத்துக்கு முன் வாய்க்காலின் நடுவில் ஒரு புதிய மதகு கட்டப்பட்டது. நல்ல வேலை. வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது, கடைசி வட்டைக்குத் தனிக் கிளை கிடைத்தது. ஆனால் எங்கள் நிரலுக்கு அந்த மதகு தெரியாது. கடைசி வட்டையைப் பழையபடி எல்லோருக்கும் கடைசியிலேயே வைத்து முறை போட்டது. அவர்களுடைய நேரம் வரும்போது, தாளில் இல்லாத அந்தக் கிளையின் மதகு மூடியிருக்கும்.

ஆனி பிறந்து சில நாளில் தவமணி அலுவலகத்துக்கு வந்தார். கடைசி வட்டை விவசாய அமைப்பின் செயலாளர். பஸ்ஸில் வந்த களை முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமலே பேசத் தொடங்கினார்.

"மிஸ், பயிர் குடலைக்கு வரப்போகுது, கதிர் கட்டுற பருவம். இப்பத் தண்ணி இல்லாட்டிக் கதிர் பதராத்தான் வரும். வட்டை விதானையக் கேட்டா தாளைக் காட்டுறார். கூட்டத்தில கேட்டா, கணினி சொன்னதுதான் முறை, நீங்களும்தானே கையத் தூக்கினீங்க எண்டுறாங்க. கணினிக்கு ஆர் போய் மதகக் காட்டுறது?"

"றிபாஸ் இல்லையே அக்கா. புது ஆள் எடுக்கச் சபையில காசு கேட்டிருக்கம்."

"எப்ப வரும்?"

"மாரிக்குள்ள வரும்."

"மாரிக்கு எங்களுக்கு மழையே வரும்." தண்ணீர்க் குவளையை அப்போதுதான் எடுத்தார். "என்ட தம்பி பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறவன். நிரலும் எழுதுவான். உள்ளுக்க கிடக்கிறதத் தந்தா நான் திருத்துறன் எண்டுறான். தருவீங்களா? கையெழுத்து வச்சிருக்கம், தெரியும். அதுதான் களவாச் செய்யாம கேட்டு வந்தனான்."

உள்ளுக்க கிடக்கிறது என்று அவர் சொன்னது மூலநிரலை. பணிப்பாளரின் அறைக்குள் அழைத்துப் போனேன். அவர் நின்றபடியே கேட்டார், பேனையை எடுக்கவில்லை. சபைத் தலைவருக்கு அழைத்தார். அவர் ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர், நிறுவனம் மூடப்படாமல் இருக்க அலைந்துகொண்டிருந்த நல்ல மனிதர்.

"ஞானம், அவசரப்படாதீங்க" என்று ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது. "அதைத் திறந்து குடுத்தா எல்லாத்தையும் திறந்ததா ஆகிரும் எண்டு கொழும்பில ஒருத்தர் சொன்னவர். ஆக்கள்ர காணி விபரம், கைபேசி இலக்கம் எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. நாளைக்கு ஆர் பதில் சொல்றது?"

பணிப்பாளர் யோசித்தார். "நாளைக்கு வியாழன்தானே. நீங்களும் வாங்க. வாசிப்பம்" என்றார். தவமணியிடம், "நீங்களும் இருக்க வேணும்" என்றார்.

தவமணி அன்றிரவு நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கினார். மறுநாள் நால்வரும் கூடினோம். நான் வாசிக்கத் தொடங்கினேன். தவமணி முதல் பந்தியிலேயே கொட்டாவி விட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். ஓடும் வடிவத்தை ஒருவருக்குக் கொடுத்தால் அதற்கு உரிய மூலநிரலும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற இடம் வந்தது.

"ஆருக்கு?" என்றார் பணிப்பாளர்.

"வாங்கினவருக்கு, சேர்."

"வாங்கினவர் ஆர்?"

தவமணி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நாங்கதானே வாங்கினம்?" என்றார்.

பணிப்பாளர் அந்த வசனத்தை மீண்டும் வாசிக்கச் சொன்னார். பிறகு மூன்றாம் முறை. காதிலிருந்து சிவப்புப் பேனை இறங்கியது. "எழுதினவருக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எங்க கிடக்கு? தேடுங்க."

முழுவதும் தேடினோம். எங்கும் இல்லை. எழுதியவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. நாங்கள் மாதாமாதம் அனுப்பியது நல்ல காரியம்தான், ஆனால் அது கடமை அல்ல. கடமை இருந்த இடம் உன்னிச்சைப் பக்கம், வாங்கிய விவசாயிகளிடம்.

"அப்ப விதைநெல் பிழை" என்றார். அவமானப்பட்டவர் போலச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியைத் திருத்துபவர் போலச் சொன்னார். ஆனால் அவருடைய விதிப்படி உதாரணம் இல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போகமுடியாது. யன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார்.

"வாய்க்கால். மேல்வயல்காரன் தண்ணியக் குளத்துக்குத் திருப்பி அனுப்புறதில்ல. கீழ்வயலுக்கு விட வேணும்."

"விடுறானா சேர்?" என்றார் தவமணி. "ஒருக்கா எங்கட பக்கம் வந்து பாருங்க. செல்லமா விடுவான்!"

தலைவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"சட்டம் அதுதானே பிள்ள. விடாதவனுக்கும் தெரியும் விட வேணும் எண்டு" என்றார் பணிப்பாளர். பேனையைக் காதில் திரும்பச் செருகினார். எனக்கு அந்த உதாரணத்திலும் ஒரு குறை தெரிந்தது. தண்ணீர் விட்டால் மேல்வயலில் குறையும், நிரல் கொடுத்தால் குறையாது. அதைச் சொன்னேன். "அப்ப விடாம இருக்கிறதுக்கு அந்தச் சாட்டும் இல்ல" என்றார்.

தலைவரின் பயத்தையும் அதே வாசிப்பிலேயே எடுத்தோம். "எதை?" என்ற கேள்விக்கு உரிமம் சொல்வது நிரலை மட்டும். ஆட்களின் காணி விபரம் நிரல் அல்ல, நிரலுக்குள் நாங்கள் போட்ட தரவு. அதைக் காப்பது நாங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்த வேறொரு வாக்கு. அலுவலகத்தின் மற்றக் கோப்புகளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையச் சொல்றன். இதை ஒரு கம்பனிக்கு வித்து உங்கட ரெண்டு பேர்ர சம்பளத்தையும் ஒப்பேத்தலாம் எண்டு நினைச்சிருந்தன்."

"விக்கலாம் சேர்" என்றேன். "ஆனா வாங்கினவர் மத்தவங்களுக்குக் குடுக்கிறத மறிக்க ஏலாது."

"பிறகு ஆரு தங்கச்சி வாங்குவான்?" அவர் நீண்ட மூச்சு விட்டார். "சரி. குடுங்க. அந்தக் கையெழுத்துத் தாளையும் இல்லாம ஆக்குங்க. நமக்குப் போட உரிமை இல்லாத பூட்டு அது."

கொடுப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் வேலை தொடங்கியது. உரிமம் கேட்பது ஏதோ ஒரு மூலநிரலை அல்ல, அவர்கள் கையில் ஓடுகின்ற அதே பதிப்புக்கு உரிய மூலநிரலை. றிபாஸின் பழைய கணினியைத் திறந்தேன். 'புரியாணி', 'புரியாணி கடைசி', 'புரியாணி கடைசியிலும் கடைசி' என்று மூன்று கோப்புறைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை, அவன் ஜும்மா முடித்து வந்திருப்பான் என்று கணக்குப் பார்த்து அழைத்தேன்.

"மிஸ்! நான் இஞ்ச வெயிலுக்கு முறை போட்டுக்கிட்டு இரிக்கன். என்ன விசயம்?"

"எந்தப் புரியாணி மனே அவங்களுக்குப் போனது?"

"அல்லாவே, அதையா கேக்கிறீங்க? எனக்கு நேத்துத் திண்டதே ஞாபகம் இல்ல." கொஞ்சம் யோசித்தான். "நடுவில உள்ளது எண்டு நினைக்கன். ஆனா நம்ப வேணாம். கட்டிப் பாத்து, பழைய தாளோட ஒப்பிடுங்க. மறுகா மிஸ், ஒரு சந்தேகம். இதையே வீட்டில திருத்தி எங்கட வாப்பாட தோட்டத்துக்கு வச்சிரிக்கன். அதையும் தரணுமா?"

"உன்ட வீட்டுக்குள்ள இருக்கும் வரைக்கும் ஒருத்தருக்கும் தரத் தேவையில்ல."

"ஓட்டமாவடி மச்சானுக்கு ஒரு பிரதி குடுத்தன்."

"அப்ப மச்சானுக்கு மூலத்தையும் குடு."

"அவனுக்கா? அவன் அதை வச்சு என்ன செய்வான், வடை சுத்துவானா?"

நாள் குறித்து வைக்கும் என் பழக்கம் அப்போது உதவியது. நிறுவிய நாளும் கோப்புறைகளின் நாளும் ஒத்துப்போனது நடுப் புரியாணியில்தான். அதைக் கட்டி, அதாவது ஓடும் வடிவமாக மாற்றி, முந்திய போகத்து முறையைப் போட்டுப் பார்த்தேன். பழைய தாளோடு வரிக்கு வரி பொருந்தியது. தரவை நீக்கி, உரிமத்தையும் சேர்த்து, பணிப்பாளர் நின்றபடி சரிபார்த்த பிறகு அனுப்பினோம். மற்ற அமைப்புகளுக்கும் அப்படியே அனுப்பினோம், அவர்கள் கேட்காதபோதும்.

தவமணியின் தம்பி அவசரக்காரர் அல்ல. புதிய மதகை ஒரு கிளையாக நிரலுக்குள் எழுதினார். மற்ற வட்டைகளின் நேரத்தில் ஒரு நிமிடமும் மாறவில்லை என்று முதலில் காட்டினார். அதனால் விசேட கூட்டத்தில் எதிர்த்துப் பேச எழும்பியவரும் தாளைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டார். புதிய தாள் ஏற்கப்பட்டது.

முறை நாளில் நானும் போனேன். கிளை மதகடியில் வட்டை விதானை தாளை ஒரு கையிலும் மதகுத் திறப்புச் சாவியை மறு கையிலும் வைத்து நின்றார். திறந்தார். காய்ந்த வாய்க்காலில் முதலில் நுரையும் சருகும்தான் வந்தன. பின்னாலே தண்ணீர் வந்தது. தவமணி வரம்பில் அதன் வேகத்துக்கு ஈடாக நடந்துகொண்டே, "மிஸ், சேருக்குச் சொல்லுங்க, கீழ்வயலுக்கு வந்திட்டு எண்டு!" என்று கத்தினார். அந்தப் போகம் கடைசி வட்டையில் கதிர் நிறைந்தது. பதர் இருந்தது, எல்லா வயலிலும் இருக்கும் அளவுக்கு.

தவமணியின் பிரதி பிறகு வேறு அமைப்புகளுக்குப் போனது. முதலில் யார் வாங்கினார், எப்போது என்று கேட்டுக் குறித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் விட்டுப்போனது.

கடந்த சிறுபோகத்தில் ஒரு கலியாண வீட்டுக்காக வேறொரு குளத்துப் பக்கம் போயிருந்தேன். விவசாய அமைப்பின் பலகையில் தண்ணீர் முறைத் தாள் ஒட்டியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் எங்கள் நிரல் என்று தெரிந்தது. ஆனால் நாங்கள் எழுதாத ஒன்றும் அதில் இருந்தது. கணவன் இல்லாமல் தனியே வயல் செய்யும் பெண்களுக்கு இரவு முறை விழாதபடி நேரம் மாற்றப்பட்டதாக அடியில் ஒரு குறிப்பு இருந்தது. இருட்டில் மதகடிக்குத் தனியே போகத் தேவையில்லை. மொத்தத் தண்ணீர் யாருக்கும் குறையவில்லை, கூட்டிப் பார்த்தேன். இத்தனை ஆண்டு வியாழக்கிழமைகளில் எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற செயலாளரிடம், இதை யார் சேர்த்தது, எந்தப் போகத்தில் என்று கேட்டேன்.

"தெரியா மிஸ். எங்களுக்கு வரக்குள்ளேயே அப்பிடித்தான் இருந்தது."

"மூலமும் வந்ததா?"

"ஓம், கூடவே கிடக்கு. வேணுமா உங்களுக்கு? ஒரு பிரதி தாறன்."